என் நாக்கில் இருக்கும் மச்சம்

என் நாக்கின் இடது ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம் இருக்கிறது. எட்டு வயதில், எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர் ஓட்டிக்கொண்டு போன பசுவைப் பார்த்து, "இந்த மாடு சாவப் போவுது" என்று சொன்னேன். மூன்றாம் நாள் அது செத்தது. என் அத்தைகள் இரண்டு பேரும் என்னைப் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி, மச்சத்தைக் கண்டுபிடித்து, "கருநாக்குடி இவளுக்கு!" என்று சிரித்தார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். அதற்கப்புறம் வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்பினால், "நீ எதுவும் சொல்லாத, வாய மூடிக்கினு உள்ள போ" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போவேன்.

கல்யாணமாகி, ஆந்திராவின் தமிழ் பேசும் ஓரத்தில் இருக்கும் நகரி பக்கத்திலிருந்து புத்தூர் வந்தபோது அந்தப் பெயர் பிறந்த வீட்டோடு நின்றுபோனது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் பாஸ்போர்ட் எடுத்தார்கள். கடப்பா, ராஜம்பேட்டை ஆட்கள் முதலில் போனார்கள். அவர்களைப் பார்த்து எங்கள் ஆட்களும் கிளம்பினார்கள். இவரும் குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போனார். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. நான் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். தெலுங்கு நன்றாகப் பேசுவேன். சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று பஜார் தெருவில் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்துக்கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

வீட்டுக்கு வீடு போன் வராத காலம். குவைத்துக்குப் போன ஆண்கள் எல்லோரிடமும் என் பூத் நம்பர் இருந்தது. போன் வந்தால், "கால்மணி கழிச்சு மறுபடி போடுங்க" என்று சொல்லிவிட்டு நானே நடந்து போய் அந்த வீட்டுப் பெண்ணைக் கூட்டி வருவேன். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அன்றைக்கு என் பூத் பெஞ்சில் எட்டுப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய மாமியார் என்ன சொன்னாள், யாருடைய புருஷன் எந்த வீட்டில் ஆடு மேய்க்கிறான் என்பதெல்லாம் அந்த பெஞ்சில் அலசப்படும். அதிகம் அலசுகிறவள் நான்தான். அந்த நாட்களில் என் வாய் ஓயவே ஓயாது.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவள் புருஷன் குவைத்தில் கட்டட வேலை செய்தான். இரண்டு பெண் குழந்தைகள். ஒரு வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து போன் வரவில்லை. சனிக்கிழமை காலையில் வந்து கேட்டாள், சாயங்காலமும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்றாள்.

"அக்கா, போன் வந்துச்சா?"

லைனில் இரைச்சல் என்று முந்தின நாள் முழுக்க எக்ஸ்சேஞ்சோடு சண்டை போட்டிருந்தேன். அந்த எரிச்சலில் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "வரவேண்டிய சேதி தானா வரும். நீ போய் சோறாக்கு, போ."

அவள் போய்விட்டாள். பதினோரு மணிக்குப் போன் வந்தது. தெலுங்கில் ஒருவர் பேசினார். அவளுடைய புருஷனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர் என்றார். சாரம் சரிந்து விழுந்து அவன் வியாழக்கிழமையே இறந்துவிட்டான், அந்தம்மாவிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார். "மீரே செப்பண்டி" என்றேன். நீங்களே சொல்லுங்கள். "கால்மணி கழித்துப் போடுங்கள், கூட்டி வருகிறேன்."

போனேன். "போன் வரப்போவுது, வா" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். "ஒரு நிமிசம் அக்கா, மூஞ்சி கழுவிக்கினு வந்துர்றேன்" என்று பின்பக்கம் போனாள். அவள் முகம் கழுவுகிற நேரம் முழுவதும் நான் வாசலில் நின்றேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பூத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து அவளை உள்ளே அனுப்பிவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மணி அடித்தது. அவள் ரிசீவரை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்தாள். அவள் வாய் திறந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே சத்தம் கேட்கவில்லை.

இருபது நாட்களுக்கு மேல் ஆனது உடல் வர. சென்னை விமான நிலையத்திலிருந்து வேனில் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தெருவே திரண்டு நின்றது. நான் எல்லோருக்கும் பின்னால், சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த மச்சத்தை நான் பார்த்ததே இல்லை. அது அங்கேயேதான் இருந்தது.

சேதி வரும் என்று சொன்னேன். வந்தது. இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

அதன் பிறகு நடந்ததை ஒரே நாளில் நடந்ததுபோலச் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தைகள் குறைந்தன. முதலில் கெட்ட வார்த்தைகளைத் தவிர்த்தேன்: சாவு, விபத்து, ஆஸ்பத்திரி. பிறகு அவற்றை ஞாபகப்படுத்துகிற வார்த்தைகளையும் தவிர்த்தேன். மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது "பாத்துப் போ" என்று சொல்லமாட்டேன். பார்த்துப் போகச் சொன்னால் பார்க்கவேண்டிய ஆபத்து ஏதோ இருக்கிறது என்றாகிவிடுமே. "போய்ட்டு வா" என்றும் சொல்லமாட்டேன். அதில் "போ" முதலில் வருகிறது, "வா" சொல்வதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்? தலையை மட்டும் ஆட்டுவேன். அவள் வாசலில் ஒரு நொடி காத்திருந்துவிட்டுப் போவாள்.

வாயைத்தான் மூட முடிந்தது. மனசை மூட முடியவில்லை. வெள்ளிக்கிழமை இவர் போன் செய்வார். "ஏம்மே, துன்னியா? பாப்பா நல்லாருக்குதா?" என்று கேட்பார். அந்தக் குரல் காதில் விழுந்ததுமே கார் கவிழ்ந்து கிடப்பதுபோல ஒரு காட்சி வரும். அதை அழிக்க, "நல்லா இருக்கணும்" என்று மனசுக்குள் மூன்று தடவை சொல்வேன். மூன்று போதாது என்று தோன்றி ஒன்பதாக்கினேன். நடுவில் எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் பேசுவது எதுவும் காதில் ஏறாது. "ம்" என்பேன். ஒரு நாள் அவர், "என் மேல கோவமா? சொல்லு, இன்னா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். அதற்கும் "ம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். எனக்கே தெரியாது. அவர் பின்னால் சொன்னது.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதை அறவே விட்டுவிட்டேன். அவள் தெருமுனையில் வருவது தெரிந்தால் உள்ளே போய்விடுவேன். அவள் தறி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். ஒரே ஒரு முறை, சென்னையில் இருக்கும் அண்ணனோடு பேச வேண்டும் என்று பூத்துக்கு வந்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே, "லைன் இல்ல" என்றேன். அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சரி அக்கா என்று போய்விட்டாள். அவள் தெரு திரும்புவதற்குள் போன் மணி அடித்தது.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. பெஞ்சில் உட்கார ஆள் வரவில்லை. பேசமாட்டாத பூத்துக்காரியிடம் யார் வருவார்கள்? பக்கத்துத் தெருவில் இன்னொரு பூத் வந்திருந்தது.

மகளுக்கு ஒன்பது வயதானபோது ஒரு நாள், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, டீச்சர் கேட்டாங்க, 'மீ அம்மகு மாடலு ராவா?'னு." உங்கள் அம்மாவுக்குப் பேச்சு வராதா என்று.

"நீ இன்னா சொன்ன?"

"வராதுனு சொல்லிட்டேன்."

அழாமல், தலைகூட நிமிராமல் சொன்னாள். அடுத்த நாளே திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். மனசுக்கு வைத்தியம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தொண்டையில் ஏதோ கோளாறு என்றுதான் நம்பினேன். உண்மையாகவே தொண்டை இறுகி வலித்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நான் நீட்டவில்லை. இரண்டாம் தடவை அதட்டினார். நீட்டினேன். "இது எத்தனை நாளா இருக்குது?" என்று மச்சத்தைத் தொட்டுக் கேட்டார். பிறந்ததிலிருந்து என்று சொல்லவேண்டிய நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் விளக்கை அணைத்தார். பிறகு, "தொண்டையில ஒண்ணும் இல்லம்மா. மாடியில ஒரு மேடம் இருக்காங்க, அவங்களைப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மாடியில் பலகையைப் படித்ததும் கால் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் அந்த இடத்துக்கு "பிச்சி ஆஸ்பத்திரி" என்று பெயர். பைத்தியக்கார ஆஸ்பத்திரி. யாராவது புத்தூர்க்காரர் பார்த்துவிடுவாரோ என்று முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்த மேடத்துக்கு நாற்பது வயது இருக்கும். சித்தூர்க்காரர், தெலுங்குக் குடும்பம். தமிழ் நன்றாகப் புரியும். பேசினால் தெலுங்கு வாடை அடிக்கும். மாத்திரை கொடுக்கிற டாக்டர் வேறு, தான் பேசி வைத்தியம் பார்க்கிறவள் என்றார். பேசுவதுதான் வைத்தியம் என்றதும் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. தண்ணீரில் மூழ்கினவளிடம் கிணற்றைக் காட்டுவதுபோல் இருந்தது. அந்த முதல் நாள் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. கடைசியில், "வாயால சொல்ல பயமா இருந்தா எழுதிக் கொண்டு வாங்க அம்மா. அடுத்த செவ்வாய்க்கிழமை" என்றார்.

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். ஒரே வரிதான் வந்தது. செவ்வாய்க்கிழமை அதை அவர் மேஜையில் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தமிழ்ல எழுதியிருக்கீங்களே! எனக்கு தமிழ் படிக்க வராதம்மா. நீங்கதான் படிச்சுக் காட்டணும்."

இதை நான் யோசிக்கவே இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பதுபோல வாசித்தேன்: "நான் பேசினால் யாராவது செத்துப்போவார்கள்."

மனசுக்குள் ஆயிரம் தடவை ஓடிய வரி அது. தாளில் பார்த்து வாசித்தபோது வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டார். பசுவில் ஆரம்பித்துச் சொன்னேன். உடைந்து உடைந்து, நடுநடுவே எண்ணிக்கொண்டு சொன்னேன். நான் நிறுத்தி எண்ணும்போதெல்லாம் அவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். முடிந்ததும் ஒன்று கேட்டார்.

"அந்த மாடு எப்படி நடந்து போச்சு?"

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. பிறகு கண்முன் வந்தது. நொண்டிக்கொண்டுதான் போனது. வாயில் நுரை தள்ளியிருந்தது.

"அப்ப நீங்க சொன்னதால செத்துச்சா, சாவப்போறது தெரிஞ்சதால சொன்னீங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்டு என் மனசு மாறிவிட்டது என்று சொன்னால் பொய். எனக்குக் கோபம்தான் வந்தது. மாடு நொண்டியது சரி, அந்தப் பெண்ணின் புருஷன் நொண்டவில்லையே! அதைச் சொன்னேன். "அவர் வியாழக்கிழமை இறந்தாரு. நீங்க பேசினது ஞாயித்துக்கிழமை" என்றார். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்து என்ன செய்ய? கெட்ட நினைப்புக்கு நாள் கிழமை பார்க்கத் தெரியாது.

அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்தார். நான் சொல்லி நடக்காமல் போனவற்றை எழுதிக்கொண்டு வரவேண்டும். இரண்டே வரியோடு போனேன்.

"இவ்வளவுதானா? மழை வரும்னு சொல்லியிருக்கீங்களா?"

"சொல்லியிருக்கேன் மேடம். ஆடி மாசம் பூரா சொல்லுவேன்."

"வந்துச்சா?"

"எங்க ஊர்லயா? மழையா?" என்றேன். என்னையறியாமல் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என் கையை எடுத்துவிடவில்லை. "எழுதிக்குங்க, மழை" என்றார். அன்றைக்கு அந்தப் பட்டியல் ஒரு பக்கம் தாண்டியது. மாமியார் வரமாட்டார் என்று சொல்லி வந்த நாட்கள், கரண்ட் வந்துவிடும் என்று சொல்லி வராத நாட்கள், மகள் பெயில் ஆவாள் என்று திட்டிய பரீட்சைகள்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, அவர் சொன்னார்: "எனக்கு ஒரு கெட்டது நடக்கும்னு சொல்லுங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"சின்னதாத்தான் அம்மா. இந்தப் படியில எறங்கும்போது கால் ஒடையும்னு சொல்லுங்க. ஒடைஞ்சா என்ன, நீங்க புத்தூர்க்காரங்க, உங்க ஊர்ல எலும்புக்குக் கட்டு கட்டறவங்க கிட்ட கூட்டிக்கிட்டுப் போகமாட்டீங்களா?"

அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. அவர் கேட்பதையும் நிறுத்தவில்லை. மூன்றாவது வாரம், கண்ணை மூடிக்கொண்டு, "உங்க கால் ஒடஞ்சுடும்" என்றேன். மனசுக்குள் "நல்லா இருக்கணும்" என்று ஆரம்பித்தபோது, "அழிக்கக் கூடாது. அப்படியே விடுங்க" என்றார். எப்படிக் கண்டுபிடித்தாரோ. உதடு அசைந்திருக்கும். அழிக்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் அறை பூட்டியிருந்தது.

பியூனிடம் கேட்டேன். மேடம் லீவு என்றார். ஏன் என்று கேட்டேன். "தெலியதம்மா" என்று போய்விட்டார். அவர் இறங்குகிற அதே மாடிப்படியில் உட்கார்ந்தேன். காலை முழுவதும் அங்கேயே இருந்தேன். அந்த வாரம் நான் மகளிடம்கூட வாய் திறக்கவில்லை. இரண்டு வாய் சோறுகூட உள்ளே போகவில்லை. இன்னொரு செவ்வாய்க்கிழமை வந்தது. போகவேண்டாம் என்று தீர்மானித்திருந்தேன். போகாவிட்டால் அவருக்கு என்ன ஆனது என்று எப்போதும் தெரியாமலே போய்விடும் என்ற பயம்தான் என்னை பஸ் ஏற்றியது.

கதவு திறந்திருந்தது. அவர் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் அவர் காலைத்தான் பார்த்தேன். இரண்டு காலையும் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீட்டி ஆட்டிக் காட்டினார்.

"ஜுரம் அம்மா. வீட்ல பையனுக்கு வந்து எனக்கு ஒட்டிக்கிச்சு. நீங்க ஜுரம்னு சொல்லலையே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நின்றபடியே அழுதேன். அவர் எழுந்து வந்து என்னை உட்காரவைத்தார். "தப்பு என்னுதுதான். நீங்க வருவீங்கனு தெரியும், சொல்லி அனுப்பியிருக்கணும். படியில உக்காந்திருந்தீங்கனு பியூன் சொன்னாரு. எனக்கு மனசே சரியில்ல" என்றார். தப்பு என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரி மேடம் என்னிடம் சொன்னது அதுவரை நடக்காத ஒன்று. பிறகு கேட்டார்.

"எத்தனை நாள் நான் செத்துட்டேன்னு நெனச்சீங்க?"

"ஏழு நாள்."

"அந்த ஏழு நாள்ல அஞ்சு நாள் நான் கஞ்சி குடிச்சிட்டு டீவி பாத்துட்டு இருந்தேன். நீங்க அங்க சோறு இல்லாம என்னை எரிச்சிட்டு இருந்தீங்க."

எத்தனையோ நியாயங்கள் சொன்னார், எதுவும் தைக்கவில்லை. இது தைத்தது. எனக்குள் நடந்தது ஒன்று, வெளியே நடந்தது வேறு. என் ஏழு நாளும் அவருடைய ஏழு நாளும் எங்கேயும் தொட்டுக்கொள்ளவே இல்லை. அவருக்குக் கால் உடையவில்லை என்பதில் எனக்கு நிம்மதி இருந்தது. ஆனால் தெரியாத இடத்தையெல்லாம் என் மனசு சாவைக் கொண்டு நிரப்புகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அன்றைக்குக் கிளம்பும்போது அவர் மெதுவாகக் கேட்டார்: "அந்தம்மா கிட்ட பேசினீங்களா?"

இல்லை என்றேன்.

"அவங்க உங்களைப் பத்தி என்ன நெனைக்கிறாங்க?"

"என் நாக்குதான் அவ புருஷனைக் கொன்னுச்சுனு."

"சொன்னாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. அவள் வீட்டுக்குப் போனேன். அவள் முற்றத்தில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். சோப்பு நுரைக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"இன்னாக்கா?"

நின்றபடியே சொன்னேன். அன்றைக்குக் காலையில் சேதி தானா வரும் என்று சொன்னது, என் நாக்கு மச்சம், வாசலில் நின்றும் சொல்லாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனது, லைன் இல்லை என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்தபோது அவள் முகம் எனக்குப் புரியவில்லை.

"அதுக்கா அக்கா? அதுக்காகவா என் மூஞ்சிய பாக்காம உள்ள பூந்துக்கினு இருந்த?"

"ஆமா."

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? தாலி போனவ எதுர்ல வர்றாளேன்னுதான் நீ உள்ள போறேனு நெனச்சேன். உன் ஊட்டுக்காரரும் அங்கதானே கீறாரு. என் மூஞ்சில முழிச்சா அவருக்கு எதனா ஆயிடும்னு நீ பயப்படறேனு நெனச்சேன். வெள்ளிக்கெழமைல அந்தப் பக்கமே வராம சுத்திக்கினு போவேன் அக்கா, உனக்காக."

துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை வருஷம் நான் என்னைத்தான் கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் மௌனம் இன்னொருத்தியை, அதுவும் அவளை, அபசகுனமாக்கிவிட்டிருந்தது. என் நாக்கு செய்யாத கெடுதலை நான் வாயை மூடிக்கொண்டு செய்திருக்கிறேன்.

"நீ சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள் அவள். "அன்னிக்கு சோறாக்கப் போனது ஞாபகம் இருக்குது. சோறு அடியில புடிச்சிக்கிச்சு." ஒரு துணியை எடுத்துப் பிழிந்துகொண்டே, "ஆனா நீ வாசல்லயே சொல்லியிருக்கலாம் அக்கா. பொட்டி மாதிரி அந்தக் கண்ணாடிக்குள்ள ஒண்டியா கேட்டேன்" என்றாள்.

அந்தக் குறை என்னுடையதுதான். எந்த வைத்தியமும் அதை இல்லையென்று ஆக்கவில்லை, ஆக்கவும் வேண்டியதில்லை. செய்யாததையும் செய்ததையும் தனித்தனியாகப் பார்க்க முடிந்ததே எனக்குப் பெரிய விஷயம். மீதித் துணியை இரண்டு பேரும் சேர்ந்து அலசிப் போட்டோம்.

அந்த வெள்ளிக்கிழமை இவர் போன் செய்தபோது, "உங்களுக்கு எதனா ஆயிடும்னு பயமா இருக்குது. அதனாலதான் பேசல. கோவம் இல்ல" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"கீறியா?" என்றேன், மரியாதையெல்லாம் மறந்து.

"கீறேன், கீறேன்" என்றார். "நீ வேற யாரு கூடயோ... இல்ல, வாணாம் உடு. நான் என்னென்னவோ நெனச்சிக்கினு இருந்தேன்." அவரும் அங்கே ஒன்றரை வருஷமாகத் தன் பங்குக்கு எதையோ எரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எட்டு மாதம் திருப்பதிக்குப் போய்வந்தேன். முதலில் வாரா வாரம், பிறகு மாதம் ஒரு தடவை. கடைசி நாளில் அந்த மேடம், நினைப்பு மறுபடி வரும், வந்தால் தோற்றுப்போய்விட்டோம் என்று எண்ணாதீர்கள் என்றார். வந்தது. இவர் திரும்பி வந்து திருப்பதியில் வாடகைக் கார் ஓட்ட ஆரம்பித்த பிறகும் வந்தது. செல்போன் வந்து பூத்தை மூடிவிட்டு ஜெராக்ஸ் மிஷின் போட்ட பிறகும் வந்தது. சில மாதங்களில் வரவே வராது. சில நாட்களில் பத்துத் தடவை வரும். வந்தால் அதை அழிக்க ஓடுவதில்லை. யாரிடமாவது சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அந்த மூன்றாவது வீட்டுக்காரியிடம். "இன்னிக்கு இன்னா வந்துச்சு?" என்று அவளே கேட்பாள்.

மகள் படித்து முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளை பஸ் ஏற்றிவிடத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். சாமான்களை மேலே வைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றிருந்தேன். டிரைவர் ஏறி இன்ஜினைப் போட்டதும் அது வந்தது, மலைச்சரிவும் கவிழ்ந்த பஸ்ஸுமாக.

"இந்த பஸ் கவுந்துடும்னு எனக்கு ஒரு நெனப்பு வருது" என்றேன்.

பக்கத்து சீட்டுக்காரர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். மகள் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு வாந்தி வரும்னு நெனப்பு வருதும்மா. ஜன்னல் சீட்டு கெடைக்கல."

ஓடிப்போய் எதிர்க் கடையில் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ, எழுந்து அவளுக்கு ஜன்னலை விட்டுக்கொடுத்தார்.